அந்தப் பேருள்ளவுக

படியேறி வந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் துப்பறியும் மாணிக்கவாசகம் அவளைப் பற்றி மூன்று விஷயங்களைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றும் தப்பு.

"உட்காருங்கம்மா. நீங்க ஸ்கூல் டீச்சர். அடையாறிலேருந்து நடந்தே வந்திருக்கீங்க. வீட்டுல நாய் வளர்க்கிறீங்க."

"இல்லீங்க, நாங்க கடைக்காரக. இந்தா, ரங்கநாதன் தெருவுல, பாத்திரக் கடைக்கு எதுத்தாப்புலதான் எங்க கடை. நாய்னா எனக்குப் பயம்."

"அதனாலதான் அடையாறு வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டு வந்திருக்கீங்க. தெருவுல நாய் இருந்திருக்கும்" என்றார் மாணிக்கவாசகம், கண் இமைக்காமல்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கரீமுல்லா கூரையைப் பார்த்தான். பாண்டி பஜாரில் வளையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை ஆபீஸில் ஆறு வருஷமாக உதவியாளன் அவன். கூரையில் எத்தனை ஓட்டுச் சட்டம், எந்தச் சட்டத்தில் பல்லி என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மாணிக்கவாசகம் துப்பறியும்போது அவன் வேறு எங்கும் பார்ப்பதில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

வந்தவள் பேர் இசக்கியம்மாள். முப்பது வயசுக்கு உள்ளேதான் இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. எழுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம், காலை பதினொரு மணி.

"காலையில எட்டு மணியில இருந்து காணலீங்க. கடை, வீடு, தெரு எல்லாம் பாத்தாச்சு. நாலு மணி வண்டியில செங்கல்பட்டுல இருந்து எங்க அத்தை வாராக. மாமியாருங்க. அத்தை வந்து இறங்கும்போது இவுக கண்ணுக்கு முன்னால இல்லேன்னா நான் அந்தத் தண்டவாளத்துலயே..."

"சொல்லாதீங்க!" மாணிக்கவாசகம் கையைத் தூக்கினார். வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்வது அவருக்குக் கௌரவக் குறைவு. "பேரை மட்டும் சொல்லுங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதை நான் எப்பிடிங்க சொல்லுவேன்?"

"ஏன்?"

"சொல்லக் கூடாதுங்க. போலீஸ் டேசன்ல அரை மணி நேரம் நின்னேன். பேரு, பேருன்னாக. வாய் வரலே. பேரில்லாத ஆளைத் தேட முடியாது, வீட்டுல வேற யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கன்னுட்டாக. வீட்டுக்காரகதான் ஊர்ல இல்லியே!"

"தெரியுமே. அதனாலதானே வந்திருக்கீங்க" என்றார் மாணிக்கவாசகம். பிறகு கரீமுல்லா பக்கம் சாய்ந்து, "பேர் சொல்ல மாட்டேங்கறாங்க. அப்படின்னா காணாமப் போனது யாரு?" என்று கிசுகிசுத்தார்.

"புருசன்தான் வாத்தியாரே. இதுக்கு இன்னாத்துக்கு துப்பு?"

"எழுதிக் காட்டுங்கம்மா."

"வாயால சொன்னா என்ன, கையால சொன்னா என்ன? ரெண்டும் சொல்றதுதான."

"இன்னாம்மா, முருகர் பேரா? புள்ளையார் பேரா? தலைய ஆட்டு, போதும்" என்று கரீமுல்லா ஆரம்பித்தான்.

"கிளி ஜோசியம் வேண்டாம்" என்று மாணிக்கவாசகம் அடக்கினார். "அந்தப் பேர் வேற எங்கெல்லாம் இருக்குன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

இசக்கியம்மாளுக்கு இது சரியாகப் பட்டது. வாயிலிருந்து கையை எடுத்தாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பூகோளத்துல படிக்கும். சரித்திரத்துலயும் வரும். பாட்டுக்காரக கிட்ட அந்தப் பேர்ல என்னமோ ஒண்ணு இருக்கு. மைலாப்பூர்ல முந்தி நாங்க குடியிருந்த வீட்டு மாமிக்கு நல்லாத் தெரியும். ஜெயலக்ஷ்மி மாமின்னு, பாட்டுச் சொல்லித் தர்றவுக. குளத்துக்குப் பின்னால சந்து."

"ஆள் எப்படி? உயரம்?"

"குட்டையாத்தான் இருப்பாக."

"அடையாளம்?"

"முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. சிரிச்சாத் தெரியும்."

மாணிக்கவாசகம் குறித்துக்கொண்டார். "சாப்பாடு?"

"பாலுதான். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. காப்பியத் தொட மாட்டாக. சோறு நாமதான் ஊட்டணும்."

கரீமுல்லா கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் வயசையும், பல் விழுந்து பால் குடித்துக்கொண்டிருக்கும் புருஷனின் வயசையும் கூட்டிக் கழித்துப் பார்த்தான். எந்த அப்பன் இப்படிக் கட்டிக் கொடுத்தானோ.

"குணம்?"

"தங்கம்ங்க. கோவம் வந்தா மட்டும் தரையில விழுந்து உருளுவாக. ஒரு வேலையும் செய்ய மாட்டாக. கடைக்கு வந்தா சரக்கு மேல ஏறிப் படுத்துக்கிடுவாக. முடிவெட்டுறவரப் பாத்தா எங்கயாச்சும் ஓடி ஒளிஞ்சுக்கிடுவாக."

"கடைசியா என்ன உடுத்தியிருந்தார்?"

"மஞ்சள்ல பூப்போட்ட சட்டை." இதைச் சொல்லும்போது அவளுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. "நான்தான் போட்டுவிட்டேன். பித்தான் போட்டுக்கத் தெரியாது அவுகளுக்கு."

கடையைப் பையன்கள் கையில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி அவள் எழுந்தாள். படி இறங்கும் வரைக்கும் "நாலு மணிக்குள்ள, நாலு மணிக்குள்ள" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"போட்டோ ஒண்ணு கேட்டிருக்கலாம்ல வாத்தியாரே?"

"போட்டோ சோம்பேறிக்கு, கரீம். எனக்கு ஆள் கண் முன்னால நிக்கறான். வயசு அறுபத்தஞ்சு. பூப்போட்ட சட்டை. பொண்டாட்டி பித்தான் போட்டு விடணும். யாரு?"

"யாரு?"

"சினிமாவுல பணம் போட்டவன். கிளம்பு."

*

மாணிக்கவாசகத்தின் லாம்பரட்டா ஸ்கூட்டர், தள்ளிக் கிளப்பினால்தான் கிளம்பும். கரீமுல்லா தள்ளி, ஓடி, ஏறி உட்கார்ந்து, மைலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

ஜெயலக்ஷ்மி மாமி தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஈஸிசேரில் மாமா. ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார்.

"இசக்கியா? இங்கேருந்து போய் ஏழு வருஷமாச்சே. தங்கமான பொண்ணு. சங்கீத ஞானம் மட்டும் கிடையாது" என்றாள் மாமி.

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் பவானி ராகம் எடுத்தேனோ இல்லையோ, காதைப் பொத்திண்டு மாடிக்கு ஓடிடுவா. வேற ராகம் பாடினா ஒண்ணும் பண்ண மாட்டா. இது மட்டும் ஆகாது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். நம்ம சாரீரம்தான் கெட்டுப்போச்சோன்னு எனக்கே பயம் வந்துடுத்து. அந்த ராகத்தையே விட்டுட்டேன். நாப்பத்துநாலாவது மேளம்! மெட்ராஸ்ல அதைப் பாடறவாளே ரெண்டு பேர்தான் இருந்தா. இப்போ ஒருத்தர்."

"அவ ஓடினது உன் பாட்டுக்கு இல்லைடீ" என்று ஈஸிசேர் பேசியது. "டியூஷன் பசங்களுக்கு மராட்டிய சரித்திரம் நடத்திண்டிருந்தேன். சிவாஜி மகாராஜாவோட வாளுக்கு என்னடா பேர்னு கேட்டேன். பத்துப் பசங்களும் சேர்ந்து பவானின்னு கத்தினான்கள். அந்தப் பொண்ணு இடுப்புல இருந்த தண்ணிக் குடத்தை அப்படியே போட்டுட்டு ஓடிட்டா. சரித்திரத்துல அவளுக்கு அவ்வளவு ஈடுபாடு."

"குடத்தைப் போட்டது என் ராகத்துக்கு!"

"என் வாளுக்கு!"

"அப்ப பூகோளத்துல?" என்று கரீமுல்லா நடுவில் நுழைந்தான்.

"பவானி ஆறு. காவேரியில கலக்கிறது. அதே பேர்ல ஊரும் இருக்கு" என்றார் மாமா, பரீட்சைத் தாளைத் திருத்துகிற குரலில்.

மாணிக்கவாசகம் விரலைச் சொடுக்கினார். "ஆறு, வாள், ராகம். மூணும் ஒண்ணுக்கொண்ணு முகம் தெரியாத ஆசாமிகள். மூணுக்கும் ஒரே பேர். பவானி! நம்ம ஆள் பேர் பவானி!"

"ஆம்பளைக்கா வாத்தியாரே?"

"ஏன்? பவானி சங்கர் இல்லையா, பவானி சிங் இல்லையா?"

"யாரைத் தேடறேள்?" என்றாள் மாமி.

"இசக்கியம்மாளோட வீட்டுக்காரரை."

"அவ ஆத்துக்காரர் பேர் வெள்ளைத்துரைன்னா!"

தம்புராவில் மாமியின் விரல் பட்டு ஒரு தந்தி மட்டும் 'ம்ம்' என்றது. மாணிக்கவாசகத்தின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கரீமுல்லா அவசரமாகக் கூரையைப் பார்த்தான்.

"மாறுபேர்" என்றார் மாணிக்கவாசகம். "ஊருக்கு வெள்ளைத்துரை. உள்ளுக்குள்ள பவானி. கட்டின பொண்டாட்டிக்கு மட்டும்தான் ரகசியம் தெரியும். அதான் அந்தப் பொண்ணு நடுங்குது!"

"வெள்ளைத்துரைக்குப் பல்லு எப்பிடி மாமி?" என்று கரீமுல்லா விடாமல் கேட்டான்.

"பல்லா? கரும்பை அப்படியே கடிச்சுத் துப்புவான். முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது."

"கேட்டியா!" மாணிக்கவாசகம் எழுந்தே விட்டார். "வேஷம் போடறதுக்காக முன்பல் ரெண்டையும் எடுத்திருக்கான்! சாதாரண ஆள் இல்லை, கரீம். வா."

வாசல் வரைக்கும் வந்த மாமி, "அப்போ இசக்கி ஓடினது என் பாட்டுக்கு இல்லையா? நிச்சயமா?" என்று கேட்டாள். இல்லை என்று கரீமுல்லா அடித்துச் சொன்னான். சந்து முனையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஆலாபனை கிளம்பியது. ஏழு வருஷத்துப் பசி அதில் இருந்தது. "டீ!" என்று ஈஸிசேர் அலறியதும் கேட்டது.

*

"முன்பல் இல்லாதவன். பால் மட்டும் குடிக்கிறவன். எங்கே போவான்?" ஸ்கூட்டரில் போகும்போதே மாணிக்கவாசகம் கேட்டார்.

"பல் டாக்டர் கிட்ட."

"பால்கடைக்கு! தி. நகர்ல எத்தனை பால்கடை?"

பதினான்கு. பதின்மூன்றில் பவானி என்று யாரையும் தெரியாது என்றார்கள். ஒரு கடையில் கரீமுல்லா அடையாளம் சொல்லச் சொல்ல, "தரையில உருளுவாரா? எங்க முதலாளியத்தான் சொல்றியா?" என்று கேட்டார்கள். பனகல் பூங்காவுக்கு எதிரே பதினான்காவது கடை. மணி மூன்று.

"பவானியா?" கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். "தோ உக்காந்துக்கினு கீறாரே."

பெஞ்சில் ஒரு குட்டைக் கிழவர், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துப் பால் குடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டை. சட்டையில் பூ. நிமிர்ந்து சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லை.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாத்தியார் சொன்னது அச்சு அசலாக எதிரே உட்கார்ந்திருந்தது.

"பேர் பவானிதானே?" என்றார் மாணிக்கவாசகம் மெதுவாக.

"பவானி சிங். பேங்க்ல வாட்ச்மேனா இருந்து ரிட்டேர் ஆயிட்டேன் நைனா. இன்னா விசயம்?"

"சட்டை நல்லா இருக்கே."

"மருமவன் பினாங்குலேந்து வாங்கியாந்தான். பித்தான்தான் போட வரல. கை நடுங்குது."

மாணிக்கவாசகம் கரீமுல்லாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "கடைசிப் பரீட்சை. பெரியவரே, அப்படியே சலூன் பக்கம் போய்..."

"சலூனா? வாணாம் நைனா!" கிழவர் டம்ளரோடு பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார். "போன மாசம் காதைக் கீசிட்டான்."

"வேஷம் கலைஞ்சுது" என்றார் மாணிக்கவாசகம். "நடங்க. உங்க சம்சாரம் காலையிலேருந்து அழுதுக்கிட்டு இருக்கு."

பவானி சிங் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "அது செத்து இருபது வருசம் ஆச்சே" என்றார். பிறகு டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "சரி, கூப்புடுதுன்னா போய்ப் பாத்துரலாம். எங்க கீது?"

*

மூன்று பேரைச் சுமந்துகொண்டு லாம்பரட்டா ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தது. ஆடி மாதத்துக் கூட்டத்தில் ஸ்கூட்டரைவிட நடப்பவர்கள் வேகமாகப் போனார்கள். இசக்கியம்மாள் சொன்ன கடைக்கு முன்னால் இறங்கி நிமிர்ந்த கரீமுல்லா, போர்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

ஆளுயர எழுத்தில் இருந்தது: பவானி ஜமுக்காள நிலையம்.

"வாத்தியாரே, இந்த வழியாத்தான தினமும் ஸ்டேஷனுக்குப் போறோம்?"

"போர்டைப் படிக்கறது வாடிக்கைக்காரன் வேலை" என்றார் மாணிக்கவாசகம். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

உள்ளே சுவரோடு சுவராக ஜமுக்காளங்கள் அடுக்கியிருந்தன. சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக, மடித்தவை ஒரு பக்கம், பாய் மாதிரி சுருட்டியவை ஒரு பக்கம். கல்லாவுக்கு அருகில் இசக்கியம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"கிடைச்சுட்டாகளா?"

மாணிக்கவாசகம் ஒரு பக்கம் விலகி, கையை நீட்டினார். "இதோ. உங்க வீட்டுக்காரர்!"

பவானி சிங் ஒரு கும்பிடு போட்டார். பல்லில்லாமல் சிரித்தார்.

இசக்கியம்மாள் போட்ட கூச்சலில் எதிர்க் கடைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. "யாருங்க இந்தத் தாத்தா? வீட்டுக்காரக சரக்கு எடுக்க ஈரோட்டுக்குப் போயிருக்காக! நான் எம் மகளக் காணோம்னுல்ல சொன்னேன்!"

"மகளா?"

"ஆறு வயசுங்க! முன்பல்லு விழுந்துருச்சு, பால் குடிப்பாகன்னு அம்புட்டும் சொன்னேனே!"

கரீமுல்லா கூரையைத் தேடினான். இங்கே கூரை வரைக்கும் ஜமுக்காளம்தான் இருந்தது. "ஏம்மா, ஆறு வயசுப் புள்ளைய யாராவது அவுக இவுகன்னு சொல்லுவாங்களா?"

"எங்க அத்தை பேரை வச்சுருக்கே! பாட்டி பேரைப் பேத்திக்கு வைக்கிறதுதான எங்க வழக்கம். அத்தை பேரு வச்ச பிள்ளைய நான் வா, போன்னு சொல்ல முடியுமா? பேரச் சொல்லித்தான் கூப்பிட முடியுமா? வீட்டுல தாயின்னு கூப்பிடுவேன். வெளிய பேசுனா அவுகதான்."

மாணிக்கவாசகம் ஒரு ஜமுக்காள அடுக்கின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். தலைப்பாகை இல்லாத ராஜா மாதிரி இருந்தார். கடைச் சுவரில் கடிகாரம் மூன்று நாற்பத்தைந்து காட்டியது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து கரீமுல்லா கேட்டதே இல்லை. "உங்களை நான் பேசவே விடலை. இப்பப் பேசுங்க. காலையில என்ன நடந்தது?"

"அத்தை வந்ததும் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போயி இவுகளுக்கு மொட்டை போடுறதா வேண்டுதல். முடிவெட்டுறவர் வருவாரான்னு கேட்டாக. ஆமான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

"எங்க நின்னு கேட்டா?"

"இந்தா, இங்கதான்." அவள் காட்டிய மூலை காலியாக இருந்தது. தரையில் ஒரு சின்னச் செருப்பு மட்டும் கிடந்தது.

"இங்க என்ன இருந்தது?"

மூட்டை தூக்குகிற ரங்கன் தலையைச் சொறிந்தான். "விருதுநகருக்குப் போற ஜமுக்காளச் சரக்கு சார். சுருட்டு. பன்னெண்டு. இப்பத்தான் கைவண்டியில ஏத்தி ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். நாலு மணி வண்டியில எழும்பூர் போயி அங்கேருந்து மாத்தணும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒரு சுருட்டு இன்னிக்கு ரொம்பக் கனம். நெசவு கெட்டின்னு நெனச்சுக்கினேன்."

அடுத்த நொடி இசக்கியம்மாள் தெருவில் இருந்தாள்.

*

மாம்பலம் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழு சுருட்டு உள்ளே போய்விட்டது. ஐந்து பிளாட்பாரத்தில். கார்டு பச்சைக் கொடியைக் கையில் சுற்றிக்கொண்டு, "ரெண்டு நிமிஷம்தான்! ஒதுங்குங்க!" என்று கத்தினார்.

"தாயி! எம் தாயி!" என்று இசக்கியம்மாள் கூவினாள். தலையில் கூடை வைத்திருந்த இரண்டு கிழவிகள் "என்னாம்மா?" என்றார்கள். சுருட்டு ஒன்றும் அசையவில்லை.

"வர மாட்டாக. நான் கூப்பிட்டா மொட்டைக்குன்னு தெரியும். மூச்சு விட மாட்டாக." என்றாள் அவள்.

கரீமுல்லா ஒரு சுருட்டின் கயிற்றை அவிழ்க்கப் போராடினான். தேங்காய்நார்க் கயிறு, ரங்கன் போட்ட முடிச்சு. பல்லால் கடித்தும் அவிழவில்லை.

"யோசி, யோசி" என்று மாணிக்கவாசகம் தன் நெற்றியைத் தானே தட்டிக்கொண்டார். சட்டென்று திரும்பினார். "அந்தக் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடறவங்க உலகத்துல யாராவது இருக்காங்களா?"

"பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டுந்தான். வருகை எடுக்கயில."

"பேர் கேட்டதும் என்ன பண்ணுவா?"

இசக்கியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கை தானாக வாய்க்குப் போனது.

"நான் கூப்புடுறேன்" என்று கரீமுல்லா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெண் குரலில் "பவாஆனீ" என்று இழுத்தான். பிளாட்பாரத்து ஆடு ஒன்று பதில் சொன்னது.

"டீச்சர் குரல் வேணும்டா!"

கார்டு விசிலை வாயில் வைத்தார். எட்டாவது சுருட்டு உள்ளே போனது.

இசக்கியம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தாள். கண்ணை இறுக்க மூடினாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஆற்றுக்குப் பயந்து, வாளுக்குப் பயந்து, ராகத்துக்குப் பயந்து, சொந்தக் கடை போர்டை நிமிர்ந்து பாராமல் ஒதுக்கி வைத்திருந்த பேரை, அடி வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

"பவானீ!"

பெட்டிக்குள்ளிருந்து, ஜமுக்காளத்துக்குள் அமுங்கிய குரலில், பளிச்சென்று பதில் வந்தது: "உள்ளேன் டீச்சர்!"

"இன்னாம்மா?" என்றார் பின்னாலேயே ஓடி வந்த பவானி சிங்.

"யாரு என்னைக் கூப்பிட்டது?" என்றது மூன்றாவது குரல்.

இரண்டு பெட்டி தள்ளி, டிரங்குப் பெட்டியோடு இறங்கி நின்றுகொண்டிருந்தாள், வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெரியம்மா. இசக்கியம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். மாமியார்.

கரீமுல்லாவும், கூடவே ஓடி வந்திருந்த ரங்கனும் குரல் வந்த ஆறாவது சுருட்டைக் கீழே இழுத்துப் போட்டார்கள். முனையிலிருந்து முதலில் தூக்கத்தில் கலைந்த தலை வந்தது. அப்புறம் மஞ்சள் பூச் சட்டை. "அம்மா பாட்டி பேரச் சொல்லிட்டாக!" என்று முன்பல் இல்லாத வாயால் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி குழந்தை கோள் சொன்னது. இசக்கியம்மாள் அதை அள்ளித் தூக்கி மார்போடு அழுத்திக்கொண்டாள். ஆனால் கண் மாமியாரிடமே இருந்தது.

விசில் ஊதி, பாக்கிச் சுருட்டுகளோடு வண்டி நகர்ந்தது.

"நீயா கூப்பிட்டே?" என்றாள் கிழவி.

"அத்தை, இவுகளத்தான்... வேற வழி இல்லாம... மன்னிச்சுக்கிடுங்க அத்தை."

கிழவி டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர் இருந்த வரைக்கும் ஏ, இந்தான்னுதான் கூப்பிட்டாரு. பெத்ததுங்க அம்மாங்குது. நீ அத்தைங்கிற. கடை போர்டுல எழுதி வச்சுட்டு, வெளிய வந்தா முதலாளியம்மாங்கிறாங்க. எங்கம்மா செத்த அன்னிக்கு அந்தப் பேரும் கூடவே போச்சுன்னு நினைச்சேன். முப்பத்தெட்டு வருஷமாச்சு." அவள் கால்களை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "இன்னொரு தடவை கூப்பிடு."

"அய்யோ அத்தை!"

"கூப்பிடாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"இவுக தரையில உருள்றது யாரு வழின்னு இப்பத்தான தெரியுது" என்று கரீமுல்லா மாணிக்கவாசகத்தின் காதில் சொன்னான். மாணிக்கவாசகம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

பவானி சிங் ஒரு சுருட்டின்மேல் அமர்ந்து, தானும் காத்திருந்தார்.

இசக்கியம்மாள் மூன்று தடவை வாயைத் திறந்து மூடினாள். நாலாவது தடவை, குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, பாதிக் குரலில் சொன்னாள்.

"பவானி."

"இப்ப உள்ளேன் டீச்சர்னு சொல்லணும் பாட்டி" என்று குழந்தை சொல்லிக் கொடுத்தது.

கிழவி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, டிரங்குப் பெட்டியைவிட்டு எழுந்து நின்று சொன்னாள்.